இருநூறு டிகிரியில் ஒரு நேர்கோடு

வெல்டர் நெட்டை பட்டறையை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால். அவரை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை என்று மேனேஜர் பிறகு சாதித்தார். வெல்டர் கார்டை மேஜையில் வைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதானாம். கார்டு இல்லாத வெல்டர் பட்டறையில் இருந்துகொண்டு என்ன செய்வார்? ஜன்னல் துடைப்பாரா? நெட்டை தன் சொந்தக் கையுறைகளையும் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பழைய துண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். பட்டறை கொடுத்த முகமூடியை ஆணியில் மாட்டினார். கேட்டுக்குப் போகிற வழியில் ஹீட்டர் பேனல் அருகே நின்றிருந்த என் சித்தியைப் பார்த்து நின்றார்.

"கோடு ரொம்ப நேரா இருக்கு, சூட்டக்கா" என்றார். பிறகு தலை இடிக்காமல் குனிந்து, சின்னக் கதவு வழியாக வெளியே போனார்.

சித்தி அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டாள். குத்திவிட்டுப் போகட்டும், குற்றவாளிக்கு வேறு என்ன மிச்சம் என்று நினைத்தாளாம்.

நடந்தது இதுதான். பெரிய பிரஸ் மெஷின் ஒன்றின் அடிச்சட்டம் விரிசல் விட்டு ரிப்பேருக்கு வந்திருந்தது. தொண்ணூறு மில்லிமீட்டர் கனம். அவ்வளவு கனமான இரும்பைச் சும்மா வெல்டு பண்ணக்கூடாது. குளிர்ந்த இரும்பு, வெல்டின் சூட்டை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். வெல்டைச் சுற்றியுள்ள இடம் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும். உருக்கி ஊற்றும் வெல்டிங் ராடில் ஈரம் இருந்தால் அதிலிருந்து வரும் வாயுவும் உள்ளே சிக்கிக்கொள்ளும். அன்றைக்குப் பார்த்தால் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து, யாரும் தொடாமலே, டிக்கென்று வெடிக்கும். அதனால்தான் முதலிலேயே சட்டத்தை இருநூறு டிகிரிக்குச் சூடேற்றி, கடைசி ராடு தீரும்வரை அந்தச் சூடு இறங்காமல் வைத்திருக்க வேண்டும். ப்ரீஹீட் என்பார்கள். அந்தச் சூடுதான் சித்தியின் வேலை. பீங்கான் மணிகளைப் பாய்போலக் கோத்த ஹீட்டர் பேடுகளைச் சட்டத்தின் வெளிப்பக்கம் கட்டுவாள். சூட்டை அறியும் ஒயரைப் பொருத்துவாள். பேனலில் சுழலும் காகிதத்தில் ஒயர் சொல்லும் சூட்டை ஒரு பேனா கோடாக இழுத்துக்கொண்டே போகும். வேலை முடிந்ததும் அந்தச் சார்ட்டின் அடியில் அவள் கையெழுத்து.

நெட்டை சட்டத்தின் வயிற்றுக்குள் மடங்கி உட்கார்ந்து மூன்று நாள் வெல்டு போட்டார். சனிக்கிழமை முடிந்தது. மெல்ல ஆறட்டும் என்று கம்பளி போர்த்தினார்கள். புதன்கிழமை கருவி வைத்துப் பார்த்தபோது வெல்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு.

வியாழக்கிழமை காலை விசாரணை. சூடு தவறா, ராடு தவறா, கை தவறா என்பதுதான் கேள்வி. சித்தி சார்ட்டை விரித்துப் போட்டாள். மூன்று நாளும் இருநூறு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல. சூடு தவறில்லை என்று ஆகிவிட்டது. "ராடு டப்பா மூடி திறந்து கெடந்ததை என் கண்ணால பாத்தேன். திறந்து வெச்சா ராடு ஈரம் பிடிக்காதா?" என்றும் சொன்னாள். நெட்டை குனிந்து சார்ட்டைப் பார்த்தார். கார்டை வைத்துவிட்டுப் போனார். அந்த ஊரில் கார்டு இல்லாத வெல்டருக்கு எந்தப் பட்டறையிலும் கேட்கூடத் திறக்காது. வீட்டில் மனைவியும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

சித்தி நெட்டை மேல் மட்டும் சந்தேகப்பட்டாள் என்று நினைக்க வேண்டாம். அவள் சந்தேகத்தில் பாரபட்சமே கிடையாது. பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியை நம்பமாட்டாள், முகர்ந்து பார்ப்பாள். பூட்டை மூன்று முறை இழுத்துவிட்டு, இறங்கிப் போய், திரும்ப ஏறி வந்து நாலாவது முறை இழுப்பாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர் ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். சித்தி மறுநாள் அந்த அலுவலகத்துக்கு போன் போட்டு, "இவர் அங்க வேலை பாக்கறாரா? எந்த மாடி? நாற்காலி எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று கேட்டாள். அவர் உண்மையாகவே அங்கேதான் வேலை பார்த்தார். ஆனால் இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பாத்தியா, ஏதோ இருந்திருக்கு" என்றாள் சித்தி. அதோடு கல்யாணப் பேச்சு முடிந்தது.

பட்டறையில் முதலில் ராடு ஸ்டோரில்தான் சேர்ந்தாள். ராடு வாங்கிக்கொண்டு போகிற வெல்டர்களிடம் எரிந்து மிஞ்சிய துண்டுகளைத் திருப்பிக் கேட்டு நச்சரித்த நச்சரிப்பில், இவள் பேனலில் நின்றால் ஒருவனும் ஏமாற்ற முடியாது என்று யாரோ யோசனை சொன்னார்கள். பதினாறு வருடம் நின்றாள். பேனலில் இருநூறு காட்டினாலும் நம்பமாட்டாள். இருநூறில் உருகும் சாக்குக்கட்டி ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். இரும்பின் பின்பக்கம் போய் ஒரு கோடு கிழிப்பாள். கோடு ஈரமாகப் பளபளத்தால்தான் வெல்டர் உள்ளே போகலாம். சூட்டக்கா என்று பெயர் வைத்தது வேலையைப் பார்த்தா குணத்தைப் பார்த்தா என்று யாரும் விளக்கவில்லை.

வெல்டர்களுக்கு ப்ரீஹீட் பிடிக்காது. உள்ளே உட்காருகிறவன்தானே வேகிறான். பூட்ஸின் அடி இளகும், வியர்வை கண்ணாடிக்குள் ஓடும். சித்தி அந்தப் பக்கம் போனால் சூட்டைக் குறைத்துவிடுவார்கள் என்பது அவளுடைய நிரந்தர சந்தேகம். சாப்பிடப் போனால்கூடப் பாதியில் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நாலு வருடம் கழித்துத் திரும்பியபோது, நெட்டை போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. ஒரு வேலை கிடைக்கும்வரை சித்தியின் மூன்றாம் மாடி வீட்டில் தங்கினேன். ஓர் அறை, ஓர் அடுக்களை, பேருந்து நிலையத்தைப் பார்த்த ஜன்னல். கதவைத் திறந்ததுமே, "நீ நாளைக்குத்தானே வரேன்னு சொன்னே?" என்றாள்.

"ஒரு நாள் முன்னாடி டிக்கெட் கெடச்சுது சித்தி."

"எப்படிக் கெடச்சுது?" என்று கேட்டுவிட்டு, என் பையைப் பார்த்தாள், படிக்கட்டில் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள், பிறகுதான் உள்ளே விட்டாள்.

ஆனால் அந்த வீட்டில் சந்தேகப்படக் காரணம் எனக்குத்தான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு கோணிச் சாக்கு இருந்தது. காலால் தள்ளினால் நகரவில்லை. சித்தி போனை எடுத்து ஏதோ தட்டுவாள், அழிப்பாள், திரும்பத் தட்டுவாள். நான் திரும்பினால் போனைக் கவிழ்த்து வைப்பாள். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, "போய் முட்டை வாங்கிட்டு வா. அவசரமில்ல, மெதுவா வா" என்று அனுப்பினாள். சித்தி யாரையும் மெதுவாக வரச் சொல்லி நான் கேட்டதில்லை. பாதி மாடி இறங்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். சித்தி தரையில் உட்கார்ந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். துணிக்கு இல்லை. தலையணை அளவு ஓர் இரும்புக் கட்டிக்கு.

"சித்தி, அது கசங்கலியே" என்றேன்.

"முட்டை எங்க?"

"என்ன பண்றீங்க?"

"கண்ணு தெரியல? இஸ்திரி போடறேன்."

இஸ்திரிப் பெட்டிக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வெளியே வந்தது. நாலு விரல் தள்ளி, இன்னொரு ஒயரின் நுனி இரும்பில் பசை வைத்து ஒட்டியிருந்தது. இரண்டும் கையடக்கமான இரண்டு மீட்டர்களில் போய் முடிந்தன. சித்தி பக்கத்தில் ஒரு நோட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தாள். சித்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். நாற்பத்தெட்டு வயது, தனியாக இருக்கிறாள், பதினாறு வருடம் ஒரே பேனலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மாவின் கவலை வேறு திசையில் ஓடியது. "இஸ்திரி போட்டா போடட்டும். போன் பண்ணும்போதெல்லாம் அந்த நெட்டை, நெட்டைன்னு அவன் பேச்சுதான். அவன் இப்ப எங்க இருக்கான், சாப்பிட்டானான்னு. உனக்கு ஒண்ணும் தோணல?"

"அவருக்குக் கல்யாணமாகி ரெண்டு பொண்ணு இருக்கும்மா."

"அதான்டி கேக்கறேன்!"

அடுத்த ஞாயிறு நேராகவே கேட்டேன். "சித்தி, நெட்டைக்கும் உங்களுக்கும் என்ன?"

சித்தி என்னை முறைத்தாள். "உங்கம்மா கேக்கச் சொன்னாளா?" என்றாள். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டாள். விசாரணையில் காட்டிய சார்ட்டின் நகல். பக்கத்தில் பழைய சார்ட்டுகள் இரண்டு. "நீ ஊரெல்லாம் பாத்தவளாச்சே. இதைப் பாத்துச் சொல்லு. மூணுல எது யோக்கியம்?"

பழைய இரண்டிலும் கோடு மேடும் பள்ளமுமாக இருந்தது. மூன்றாவதில் ஓர் ஆட்டம் இல்லை.

"இதுதான். நேரா இருக்கே" என்றேன்.

"மடச்சி. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அப்புறம் சொன்னாள். வெல்டு போடும்போது அந்தச் சூடும் இரும்பில் ஏறும். ஒவ்வொரு வரிசைக்கும் கோடு கொஞ்சம் மேலே போகும், வெல்டர் தண்ணீர் குடிக்க எழுந்தால் கொஞ்சம் இறங்கும். ஆள் வேலை பார்க்கிறான் என்பது கோட்டிலேயே தெரியும். இந்தச் சார்ட்டில் மூன்று நாள் ஒருவன் உள்ளே உட்கார்ந்து ஐம்பது அறுபது ராடு எரித்திருக்கிறான், கோடு அசையவே இல்லை. அப்படியென்றால் ஒயர் இரும்பைப் பார்க்கவே இல்லை. பேடை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒயரின் நுனியை இரும்போடு ஒட்டவைக்கும் சின்ன மெஷின் அந்த வாரம் பழுது. சித்தி நுனியைப் பேடின் உள்பக்கம் கம்பியால் கட்டி, சட்டத்தோடு சேர்த்து அழுத்திவிட்டாள். இரும்பைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது, போதும் என்று. பேட் இருநூறு ஆனதும் பேனல் திருப்தியாகி மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டது. இரும்பு எவ்வளவில் நின்றதோ.

"சாக்குக்கட்டி?"

"முதல் நாள் காலையில கிழிச்சேன். உருகிச்சு. எங்க கிழிச்சேன்? பேட் ஓரத்துல. பின்பக்கம் போகணும்னா சட்டத்துமேல ஏறணும், அன்னிக்கு முட்டி வலி." சித்தி பேடுக்குப் பதிலாக இரும்பின் மேல் வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைச் செருகினாள். "ஊர்ல ஒருத்தனையும் நம்பமாட்டேன். என் கையை நம்பிட்டேன்."

ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்கு அடியிலிருந்த ஒயர் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. நாலு விரல் தள்ளி இருந்தது நூற்றுப் பதினெட்டு. ஐந்தாவது ஞாயிறாம் அது. ஐந்து முறையும் கிட்டத்தட்ட இதே கணக்கு. முதல் முறை மீட்டரைச் சந்தேகப்பட்டாள், இரண்டாவது முறை இஸ்திரிப் பெட்டியை, மூன்றாவது முறை ஒட்டிய பசையை. சந்தேகப்பட இனி ஆள் இல்லை.

"அவன் கார்டைப் பிடுங்கினது என் கையெழுத்துதான்" என்றாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொன்னா, இவ வந்து சொல்லவே இல்லைம்பான் அந்தாளு. நீ சாட்சிக்கு வா."

திங்கட்கிழமை கண்ணாடி அறைக்குள் மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவங்க வக்கீலா?"

"அக்கா பொண்ணு."

"சூட்டக்கா, முடிஞ்சுபோன விஷயம். சட்டத்தை வெட்டி எடுத்துத் திரும்ப வெல்டு போட்டு அனுப்பியாச்சு. இப்ப வந்து இஸ்திரிப் பெட்டிக் கதை சொல்றீங்க. நெட்டை வந்து அழுதாரா?"

"அவன் எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது."

"அப்ப வேற எடத்துக்குப் போறீங்க. போறதுக்கு முன்னாடி என் தலையில கல்லைப் போட்டுட்டுப் போகலாம்னு."

"உங்க தலையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? சார்ட்டைப் பாருங்க. பதினாறு வருஷத்துல என் சார்ட் ஒண்ணாவது இப்படி இருந்திருக்கா?"

மேனேஜர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருக்கும் சார்ட் படிக்கத் தெரியும். விசாரணையன்று படித்திருக்க வேண்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த எண்ணம் அவர் முகத்தில் வந்து போனதை நான் பார்த்தேன். சித்தியும் பார்த்தாள்.

"ஒயர்ல தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா உங்களைப் பேனலை விட்டு எடுத்துடுவாங்க. தெரியும்ல?"

"தெரியாமலா மாடி ஏறி வந்தேன்? நீங்க முதல்ல எழுதுங்க. வெல்டர் மேல தப்புன்னு நிரூபணம் இல்ல, கார்டு செல்லும்னு. நான் படிச்சுப் பாத்துட்டு என்னோடதைக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"என்னை நம்பமாட்டீங்களா?"

"இல்ல" என்றாள் சித்தி. அதில் கோபம் எதுவும் இல்லை.

முத்திரை குத்திய கடிதத்தையும் கார்டையும் உறையில் போட்டு அவளே தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனாள். ஒட்டிய ஓரத்தை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். பட்டறைப் பதிவேட்டில் இருந்த நெட்டையின் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அடுத்த வாரமே பேனலிலிருந்து அவளை எடுத்து ராடு ஸ்டோருக்கு மாற்றினார்கள். பதினாறு வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே ஜன்னல். அவள் இடத்துக்கு வந்தவன் சார்ட்டைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறான் என்று தினமும் புலம்பினாள். பேனல் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. அதனால் ராடு வாங்க வரும் வெல்டர்களிடம், "ஒயரை ஒட்டினானா, கட்டினானா?" என்று விசாரித்து அனுப்புவாள்.

பத்து நாளில் தபால் ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. சித்தி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது அவன் கையெழுத்து இல்ல. நெட்டை இவ்வளவு குட்டையா கையெழுத்துப் போடமாட்டான்."

"வீட்ல அவங்க மனைவி வாங்கியிருப்பாங்க சித்தி."

"வாங்கிக் கிழிச்சுப் போட்டிருந்தா?"

நெட்டையின் எண்ணுக்கு ஒரு செய்தியும் அனுப்பினாள். நான் பார்த்தபோதெல்லாம் தட்டி அழித்தது இதைத்தான். கடைசியில் போனது இவ்வளவு: "தப்பு என் ஒயர்ல. கார்டு வந்துச்சா?" பதில் இல்லை. பார்த்துவிட்டார் என்பதற்கான அடையாளம் மட்டும் விழுந்தது. பார்த்தும் பதில் போடாதவனைப் பற்றி அவள் எத்தனை விதமாகச் சந்தேகப்பட்டாள் என்று சொன்னால் இந்தக் கதை முடியாது. கோபமா, இளக்காரமா, எண் மாறி வேறு எவனோ படித்துச் சிரிக்கிறானா, கார்டு கிடைத்தும் வேலை கிடைக்கவில்லையா. கடைசியாகச் சொன்னதுதான் அவளைச் சாப்பிடவிடவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் எடுத்துவிடவா என்று கேட்டால், "ஏன், நான் சாப்பிடமாட்டேன்னு யார் சொன்னா?" என்பாள்.

எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். என் டிக்கெட்டை வாங்கி, தேதியை இரண்டு முறை படித்துவிட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு போனில் நெட்டை பேச்சு குறைந்தது. அம்மா அதையும் சந்தேகப்பட்டாள்.

பதினான்கு மாதம் ஆயிற்று. சென்ற வாரம் அலுவலகத்தில் இருந்தபோது சித்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நெட்டை அவளுக்கு எழுதியதை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள்.

"சூட்டக்கா, கார்டு அப்பவே வந்துச்சு. அதை வெச்சுத்தான் இங்க வேலைல இருக்கேன். பொண்ணுங்க நல்லா படிக்குதுங்க. பதில் எழுதக் கை வரல. அன்னிக்கு ரெண்டாவது நாள் மத்தியானம் உள்ள தாங்க முடியல. மயக்கம் வந்துச்சு. நீங்க சாப்பிடப் போனதும் வெளியே வந்து என் பக்கத்து பேடை அவுத்து ஓரமா தொங்கவிட்டேன். ஒயர் அதுல கட்டியிருக்குன்னு பாத்தேன், கோடு இறங்காதுன்னு தெரிஞ்சுதான் பண்ணேன். இருபது நிமிஷம். அப்புறம் கட்டிட்டேன். விசாரணைல கோடு நேரா இருந்தப்போ என் வாய் அடைச்சுப்போச்சு. ஈர ராடு மட்டும் நான் போடல, மூடி திறந்து கெடந்தப்போ டப்பா காலி. நீங்க என்னால ஸ்டோருக்குப் போயிட்டீங்கன்னு இப்பதான் ஒருத்தர் சொன்னாரு. மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. கார்டைத் திருப்பி அனுப்பிடறேன்."

அதற்குக் கீழே சித்தி எழுதியிருந்தாள்:

"கார்டை அனுப்பினா வாங்கமாட்டேன்னு சொல்லிட்டேன். மேனேஜர்கிட்டயும் சொல்லப்போறதில்ல, ஒயரைக் கட்டினது நான்தான். ஆனா இருபது நிமிஷம்னு எழுதியிருக்கான் பாரு. தொண்ணூறு மில்லி இரும்பு இருபது நிமிஷத்துல அவ்வளவு ஆறாது. ஒண்ணு, இவன் முக்கால் மணி நேரம் வெளிய நின்னிருக்கான். இல்லைன்னா என் மனசு ஆறட்டும்னு பொய் சொல்றான். நீ எதுன்னு நெனைக்கிறே? யோசிச்சுச் சொல்லு, சும்மா என்னை சமாதானப்படுத்தச் சொல்லாதே."